பெனால்டி ஷூட் அவுட்டில் முதலில் உதைக்கும் அணிக்கு உண்மையிலேயே கூடுதல் வாய்ப்பு இருக்கிறதா?

வலதுகோடி (கேள்வி):

சமனில் முடிந்த கால்பந்து ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி ஐந்து முறை கோலை நோக்கி உதைத்து வெற்றியை முடிவு செய்வதே பெனால்டி ஷூட் அவுட். அது தொடங்குவதற்கு முன் நடுவர் இரண்டு முறை டாஸ் போடுகிறார். எந்தப் பக்கத்துக் கோல் கம்பங்களை நோக்கி உதைப்பது என்பதை முதல் டாஸ் தீர்மானிக்கிறது. இரண்டாவது டாஸில் வெல்லும் அணித்தலைவர், தம் அணி முதலில் உதைக்குமா, இரண்டாவதாக உதைக்குமா என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். இந்தத் தேர்வுரிமை 2003-இல்தான் வந்தது. அதற்கு முன்பு டாஸில் வென்ற அணியே முதலில் உதைத்தாக வேண்டும் என்பது விதி. ஒருமுறை வரிசை முடிவாகிவிட்டால், ஐந்து சுற்றுகளிலும், அவற்றிலும் சமனானால் ஒரு சுற்றில் ஓர் அணி மட்டும் கோல் அடிக்கும்வரை தொடரும் சடன் டெத்திலும் அது மாறுவதே இல்லை.

முதலில் உதைக்கும் அணி நூற்றுக்கு அறுபது முறை வெல்கிறது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆனால் ஷூட் அவுட்டில் முடிந்த ஆண்கள் உலகக்கோப்பை இறுதி ஆட்டங்கள் மூன்றையும் எடுத்துப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. 1994-இல் இத்தாலி முதலில் உதைத்தது, பிரேசில் வென்றது. 2006-இல் இத்தாலி முதலில் உதைத்து வென்றது. 2022-இல் பிரான்ஸ் முதலில் உதைத்தது, அர்ஜென்டினா வென்றது. மூன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது தெரியும். எனவேதான் தரவுகளை அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: இந்தச் சாதகம் மெய்யானதா?

இரண்டாவது கேள்வி எனக்கு இன்னும் முக்கியமானது. 1970-க்கு முன்பு சமனில் முடிந்த முக்கிய ஆட்டங்கள் சில வெறும் நாணயத்தால் முடிவு செய்யப்பட்டன. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், நேப்பிள்ஸ் நகரில், இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோலின்றிச் சமன் செய்தபின் நாணயம் சுண்டப்பட்டு இத்தாலி இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. அத்தகைய முடிவுகளை ஒழிப்பதற்காகத்தான் ஷூட் அவுட் கொண்டுவரப்பட்டது. வரிசை முடிவைப் பாதிக்கிறது என்றால், வாசல் வழியே வெளியேற்றிய நாணயத்தைக் கொல்லைப்புற வழியே நாமே மீண்டும் உள்ளே அழைத்துவிட்டோம் என்று ஆகாதா?

எண்ணிப்பார்ப்பவன் (பதில்):

அந்த அறுபது விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோசே அபெஸ்டேகியா, இக்னாசியோ பலாசியோஸ் ஹுவெர்தா ஆகிய இரண்டு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 129 ஷூட் அவுட்களை ஆராய்ந்து, முதலில் உதைத்த அணி 60.5 விழுக்காடு வென்றிருப்பதாகக் கண்டார்கள். டாஸில் வென்றவர் முதலில் உதைத்தே தீர வேண்டும் என்றிருந்த காலம் அவர்களுக்கு மிகவும் உதவியது. தேர்வுரிமை வந்தபின், தன்னம்பிக்கை மிக்க அணி ஒரு வரிசையையும் மற்ற அணி வேறு வரிசையையும் விரும்பக்கூடும். அப்போது வெற்றிக்குக் காரணம் வரிசையா, அணியின் வலிமையா என்று பிரித்துச் சொல்வது கடினம். நாணயம் மட்டுமே வரிசையைத் தீர்மானித்த ஆட்டங்களில் அந்தச் சிக்கல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு நடத்தும் சோதனைக்கு நிகரான ஒன்றை விதியே அமைத்துக் கொடுத்திருந்தது.

ஆனால் 129 என்பது சிறிய எண்ணிக்கை. இரு அணிகளின் வாய்ப்பும் சரிசமம் என்றே வைத்துக்கொண்டாலும், 129 ஆட்டங்களில் முதல் அணியின் வெற்றி விகிதம் தற்செயலாகவே ஐம்பதிலிருந்து நாலரை விழுக்காட்டுப் புள்ளிகள் வரை விலகுவது இயல்பு; ஒன்பது புள்ளிகள் விலகுவதும் எப்போதாவது நிகழும். பத்தரைப் புள்ளி விலகல் அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியது என்பதால் ஆய்வு கவனம் பெற்றது. பின்னர் மார்ட்டின் கோஹர், மார்க் லென்ஸ், மத்தியாஸ் சுட்டர் ஆகியோர் 540 ஷூட் அவுட்களைத் திரட்டிப் பார்த்து 2012-இல் வெளியிட்டபோது, அந்த விகிதம் 53.3 விழுக்காடாக இறங்கிவிட்டது. 540 ஆட்டங்களில் தற்செயல் விலகலின் இயல்பான அளவு ஏறத்தாழ 2.2 புள்ளிகள். 3.3 புள்ளிகள் என்பது அதைப் போல ஒன்றரை மடங்கு மட்டுமே. சாதகம் இருக்கிறது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2024-இல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான ஷூட் அவுட்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, இப்போதைய வரிசைமுறை நியாயமானதே என்ற முடிவுக்கு வந்தது.

தரவு பெருகப் பெருக விகிதம் ஐம்பதை நோக்கி நகர்ந்திருக்கிறது என்பதே என் வாசிப்பு. ஆனாலும் 52 விழுக்காட்டுச் சாதகம் ஒன்று உண்மையிலேயே இருந்தால், அதை உறுதியாகக் கண்டுபிடிக்க இரண்டாயிரத்து ஐந்நூறு ஆட்டங்களாவது வேண்டும். “சாதகம் நிறுவப்படவில்லை” என்பதையும் “சாதகமே இல்லை” என்பதையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது.

கோல்கோட்டில்_நிற்பவர் (பதில்):

எண்களை மேலே உள்ள நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் உதைப்பவரின் நிலையிலிருந்து பார்க்க விரும்புகிறேன், ஏனெனில் சராசரி விகிதம் ஐம்பதாக இருப்பதாலேயே இரு அணிகளும் ஒரே சுமையைச் சுமக்கின்றன என்று ஆகிவிடாது.

சடன் டெத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உதைக்கும் அணியின் வீரர் கோல் அடித்தால் ஆட்டம் முடிவதில்லை, தவறவிட்டாலும் முடிவதில்லை. எதிரணியின் உதை இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டாவதாக உதைப்பவரின் நிலை வேறு. எதிரணி கோல் அடித்திருந்தால், அவர் தவறவிடும் கணத்திலேயே ஆட்டம் தோல்வியில் முடிகிறது. எதிரணி தவறவிட்டிருந்தால், அவர் அடிக்கும் கோலே வெற்றி. ஆட்டத்தை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும் உதைகள் அனைத்தும் ஒரே அணியின் பங்காக வந்து சேர்கின்றன. இது அபிப்பிராயம் அன்று. விதியின் அமைப்பிலேயே இருப்பது.

1982 உலகக்கோப்பை அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். செவில் நகரில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் மோதிய அந்த ஆட்டம்தான் உலகக்கோப்பை வரலாற்றில் ஷூட் அவுட்டில் முடிந்த முதல் ஆட்டம். பிரான்ஸ் முதலில் உதைத்தது. மூன்றாவது சுற்றில் ஜெர்மனியின் ஸ்டீலிக்கே தவறவிட்டு, எழ முடியாமல் புல்தரையில் அமர்ந்துவிட்டார். அடுத்த சுற்றில் பிரான்ஸின் சிக்ஸும் தவறவிட்டார். ஐந்து சுற்றுகளின் முடிவில் நான்குக்கு நான்கு. ஆறாவது சுற்றில் பிரான்ஸின் போஸிஸ் உதைத்த பந்தைக் கோல் கீப்பர் ஷூமாக்கர் தடுத்துவிட, அடுத்து வந்த ஹ்ருபெஷ் கோல் அடித்து ஆட்டத்தை முடித்தார். இரண்டாவதாக உதைத்த அணி வென்றது. ஹ்ருபெஷ் பந்தை வைத்தபோது தோல்வி அவர் முன் இல்லை. தவறவிட்டிருந்தாலும் ஏழாவது சுற்று இருந்தது. போஸிஸ் கோல் அடித்திருந்தால் அதே ஹ்ருபெஷ், அதே இடத்தில், முற்றிலும் வேறு ஓர் உதையை உதைத்திருப்பார்.

இந்த இரண்டு உதைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட்டும் எஸ்தர் ஹார்ட்மனும் அளந்திருக்கிறார்கள். 2008-இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, கோல் அடித்தால் உடனே வெற்றி என்ற நிலையில் உதைத்தவர்கள் நூற்றுக்கு 92 முறை கோல் அடித்தார்கள்; தவறவிட்டால் உடனே தோல்வி என்ற நிலையில் அது 62-ஆகச் சரிந்தது. தூரம் அதே பதினொரு மீட்டர்தான்.

இதை வைத்துச் சடன் டெத்தின் ஒரு சுற்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் அணி நூற்றுக்கு 75 முறை கோல் அடிக்கும் என்று கொண்டால், அந்தச் சுற்றை முதல் அணி வெல்லும் வாய்ப்பு 75-இல் 38 விழுக்காடு (இரண்டாம் அணி 62 போக தவறவிடுவது), அதாவது 28.5. இரண்டாம் அணி வெல்லும் வாய்ப்பு மீதமுள்ள 25-இல் 92 விழுக்காடு, அதாவது 23. முதல் அணிக்குச் சாதகம். ஆனால் முதல் அணி 70 முறைதான் கோல் அடிக்கும் என்று வைத்தால், 26.6-க்கு எதிராக 27.6 என்று இரண்டாம் அணியின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. உலகக்கோப்பை ஷூட் அவுட்களில் கோலாகும் உதைகள் நூற்றுக்கு எழுபது அளவில்தான் இருந்து வந்திருக்கின்றன. ஆகவே இரண்டாம் அணி அச்சத்தையும் வாய்ப்பையும் சேர்த்தே சுமக்கிறது, அவை ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. பெரிய தரவுகளில் சாதகம் தேய்ந்துபோவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனாலும் இந்த ஈடுகட்டல் எனக்கு நிறைவளிக்கவில்லை. தவறவிட்டால் அனைத்தும் முடிந்தது என்ற உதையை ஓர் அணியின் வீரர்களே மீண்டும் மீண்டும் உதைக்க வேண்டியிருக்கிறது. 2020 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலி முதலில் உதைத்தது. ஐந்தாவது சுற்றில் ஜோர்ஜினோ கோல் அடித்திருந்தால் கோப்பை இத்தாலிக்கு. அவரது உதையை இங்கிலாந்தின் கோல் கீப்பர் தடுத்துவிட்டார். அந்தத் தடுப்பின் பயனாக இங்கிலாந்துக்குக் கிடைத்தது வெற்றிக்கான உதை அன்று, சமன் செய்வதற்கான உதை. அதை உதைக்க வந்தவர் பத்தொன்பது வயது சாகா. அவர் தவறவிட்டதும் ஆட்டம் முடிந்தது.

மூன்றாவது_விசில் (பதில்):

ஏபிபிஏ (A-B-B-A) என்ற மாற்று உதை வரிசையை இன்னும் யாரும் குறிப்பிடாததால் சொல்கிறேன். டென்னிஸ் டை பிரேக்கரில் முதல் சர்வீஸ் ஒருவருக்கு, அதன்பின் ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு சர்வீஸ். அதே வரிசையைக் கால்பந்துக்குப் பொருத்தினால் முதல் அணி ஒன்று, இரண்டாம் அணி இரண்டு, மீண்டும் முதல் அணி இரண்டு என்று செல்லும்.

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச கால்பந்து சங்க வாரியம் 2017-இல் இதைச் சோதித்துப் பார்க்க அனுமதி அளித்தது. அந்த ஆண்டு மே மாதம் பதினேழு வயதுக்குட்பட்ட மகளிருக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில், ஜெர்மனிக்கும் நார்வேக்கும் இடையே, இது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. ஆகஸ்டில் இங்கிலாந்தின் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்திலும் வந்தது. அந்த ஆட்டத்தை இங்கே விரித்துச் சொல்லத் தகும். செல்சியின் கேஹில் முதல் கோலை அடித்தார். ஆர்சனலின் வால்காட், மோன்ரியால் இருவரும் அடுத்தடுத்து அடித்தார்கள். பிறகு செல்சியின் முறை, தொடர்ந்து இரண்டு உதைகள். கோல் கீப்பர் கூர்த்வா வந்து பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். அவரை அடுத்து வந்த மொராட்டா வெளியே உதைத்தார். ஆர்சனல் மீண்டும் இரண்டு அடித்து 4-1 என வென்றது. இரட்டை உதை என்பது இரட்டைச் சரிவாகவும் மாறலாம் என்பதை அன்று பார்த்தோம். ஒருவர் தவறவிட்ட உடனேயே அதே அணியைச் சேர்ந்த மற்றொருவர் நடந்துவர வேண்டியிருப்பது ஒரு புதிய வகை அழுத்தம்.

2018 நவம்பரில் வாரியம் இம்முறையைக் கைவிட்டது. போதிய ஆதரவு இல்லை, நடைமுறை சிக்கலாக இருக்கிறது என்பவையே காரணங்களாகச் சொல்லப்பட்டன. ரசிகர்களுக்கு அடுத்து யார் உதைக்கப்போகிறார் என்பது புரியாமல் போனதை மறுக்க முடியாது. ஆயினும் அரங்கின் குழப்பத்துக்காக விதியின் நியாயத்தைக் கைவிடுவது சரியான வரிசை அன்று என்பதே என் கருத்து. குழப்பம் பழக்கத்தால் தீரும்.

மற்ற விளையாட்டுகள் இதில் நம்மைவிடக் கவனமாக இருக்கின்றன. ஹாக்கி ஷூட் அவுட்டில் முதல் ஐந்தில் முடிவு கிடைக்காவிட்டால், முதலில் அடித்த அணி அடுத்த தொடரில் இரண்டாவதாகிறது. கிரிக்கெட்டில் ஒரு சூப்பர் ஓவர் சமனானால், அதில் இரண்டாவதாக ஆடிய அணி அடுத்த சூப்பர் ஓவரில் முதலில் ஆடுகிறது.

வலதுகோடி (கேள்வி கேட்டவர்):

மூவருக்கும் நன்றி. விதியின் அமைப்பிலேயே சுமை ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறது என்ற விளக்கம் என் இரண்டாவது கேள்விக்கு மிக நெருக்கமாக வருகிறது. ஹாக்கியைப் பின்பற்றி, முதல் ஐந்து சுற்றுகளை இப்போது இருப்பதுபோலவே விட்டுவிட்டு, ஆறாவது சுற்றில் மட்டும் வரிசையைத் திருப்பி, அதன்பின் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே போனால் போதாதா? ரசிகர்களுக்கும் குழப்பம் இருக்காது. பெரும்பாலான ஷூட் அவுட்கள் ஐந்து சுற்றுகளிலேயே முடிந்துவிடுகின்றனவே.

எண்ணிப்பார்ப்பவன் (பதில்):

பெரும்பாலானவை ஐந்து சுற்றுகளிலேயே முடிந்துவிடுவதுதான் அந்த யோசனையின் குறை. திருத்தம் தேவைப்படும் இடத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை.

வாதத்துக்காக ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். எந்தச் சுற்றிலும் முதலில் உதைப்பவர் நான்கில் மூன்று முறை கோல் அடிக்கிறார், இரண்டாவதாக உதைப்பவர் மூன்றில் இரண்டு முறை அடிக்கிறார் என்போம். சடன் டெத்தில் ஒரு சுற்றை முதல் அணி வெல்லும் வாய்ப்பு நான்கில் ஒன்று, இரண்டாம் அணி வெல்லும் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஆகவே வரிசை மாறாவிட்டால் சடன் டெத்தில் முதல் அணி 60 விழுக்காடு வெல்லும். ஐந்து சுற்றுகளையும் சேர்த்து முழு ஷூட் அவுட்டையும் கணக்கிட்டால் அது சுமார் 64 விழுக்காடாக உயர்கிறது. நீங்கள் சொல்லும் திருத்தத்தைச் சேர்த்தால் 64 என்பது 60 ஆகிறது. அவ்வளவுதான். முதல் சுற்றிலிருந்தே சுற்றுக்குச் சுற்று வரிசையை மாற்றினால், அதாவது ஏபிபிஏ முறையைக் கையாண்டால், 51.5 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது.

இந்த மாதிரி உண்மையைவிட மிகையானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடந்த ஷூட் அவுட்களில் எந்த ஆய்வும் 64-ஐக் காணவில்லை; எனவே இரு உதைகளுக்கும் இடையிலான மெய்யான வேறுபாடு நான் வைத்ததைவிடச் சிறியதாகவே இருக்க வேண்டும். ஆனால் வேறுபாடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அது ஒவ்வொரு சுற்றிலும் இருக்குமானால், மாற்றமும் ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்ந்தால்தான் பயன். வேறுபாடே இல்லையென்றால் ஏபிபிஏ எவருக்கும் தீங்கு செய்யப்போவதில்லை. இந்தச் சமச்சீரின்மைதான் எனக்கு மிக வலுவான வாதமாகப் படுகிறது: சாதகம் உண்டா இல்லையா என்ற நீண்ட விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கோல்கோட்டில்_நிற்பவர் (பதில்):

டாஸ் என்பதே போதிய நியாயம் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். நாணயம் விழுவதற்கு முன் இரு அணிகளும் சமம், ஆகவே யாருக்கும் அநீதி இல்லை என்பது அவர்கள் வாதம். அதை அப்படியே ஏற்றால், 1968-இல் நேப்பிள்ஸில் சுண்டிய நாணயமும் முழுக்க நியாயமானதே. அதுவும் இரு அணிகளுக்கும் சரிபாதி வாய்ப்பைத்தான் தந்தது. அந்த நியாயம் போதாது என்று நினைத்ததால்தானே வீரர்களின் காலிலும் கோல் கீப்பரின் கையிலும் முடிவை ஒப்படைத்தோம்? நாணயம் விழுந்த பிறகும் இரு அணிகளும் சமமாக இருக்க வேண்டும் என்பதே ஷூட் அவுட்டுக்கு உரிய அளவுகோல். அந்த அளவுகோலின்படி இப்போதைய முறையைக் குற்றம் சொல்லத் தரவு முழுமையாகக் கிடைக்கவில்லை என்றாலும், அதைவிடச் சிறந்த முறை நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது_விசில் (பதில்):

நடைமுறையைப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் 2018-இல் இம்முறை விழுந்தது அங்கேதான். “ஒன்று, பிறகு இரண்டிரண்டு” என்று விளக்கியதே குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அதையே சுற்றுகளாகச் சொல்லலாம்: ஒற்றைப்படைச் சுற்றுகளில் டாஸில் முடிவான அணி முதலில் உதைக்கும், இரட்டைப்படைச் சுற்றுகளில் மற்ற அணி முதலில் உதைக்கும். சடன் டெத்திலும் அதுவே தொடரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரு அணிகளும் சம எண்ணிக்கையில் உதைத்திருக்கும் என்பதால் கோல் கணக்கைப் படிப்பது இப்போதையதைவிடக் கடினமாவதில்லை. நடுவர் தம் அட்டையில் சுற்று எண்ணைக் குறித்துக்கொண்டே வந்தால், அடுத்து உதைக்க வேண்டிய அணி எது என்ற ஐயம் எழ வழியில்லை. முதல் உதைக்குப் பிறகு ஒவ்வொரு கோல் கீப்பரும் தொடர்ந்து இரண்டு உதைகளுக்குக் கோட்டில் நிற்பதால், அவர்கள் இடம் மாறும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். அந்தக் காத்திருப்பும் அதில் நடக்கும் வாய்ச்சண்டைகளும் குறையும். அரங்கத்தின் பலகையில் சுற்று எண்ணும் முதலில் உதைக்கும் அணியின் பெயரும் தெரிந்தால் ரசிகருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.